கோட்டைக்கு வெளியே நெல் இருந்தது: தஞ்சாவூர், 1781–82

1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை ஆற்காடு நவாபின் கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. அடுத்த ஆண்டு காவிரிப் படுகைக்கும் வந்துவிட்டது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் துளஜா ராஜாவின் அரண்மனை ஆட்கள், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம், ஏராளமான ஜனம் எல்லாம் அடைபட்டுக் கிடந்தார்கள். பட்டாளத்துக்கே சாப்பாடு இல்லை. சிப்பாய்கள் பசியில் பிணம்போல் விழுந்தார்கள் என்றும், தினமும் விடியும்போது தெருவோரம் பிணங்கள் வரிசையாகக் கிடந்தன என்றும் அந்தக் கோட்டையில் இருந்த பாதிரியார் ஒருவர் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் ஷ்வார்ட்ஸ். ஜெர்மனியிலிருந்து 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியில் பல வருடம் இருந்து, அப்புறம் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டவர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும்.

அதே கடிதத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: கோட்டைக்கு வெளியே நெல் வேண்டிய அளவு இருந்தது.

இந்த ஒரு விவரத்துக்காகத்தான் இந்த நிகழ்வை ஆராய எடுத்துக்கொண்டேன். இல்லாதவருக்கு இருப்பவர் கொடுப்பதுதான் இரக்கம் என்று எங்கள் கிறிஸ்தவ சபைகளில் பேசிப் பழகிவிட்டோம். அது தவறில்லை. ஆனால் 1781-இல் தஞ்சாவூரில் பொருளுக்குப் பஞ்சம் இல்லை. நெல் இருந்தது, சுமக்க மாடு இருந்தது, ஓட்ட ஆளும் இருந்தார்கள். அப்படியும் ஜனம் செத்தது. ஏன் என்று பார்த்தால்தான் விசுவாசம் கிரியையில், அதாவது செயலில், தெரிவது எப்படி என்பதும் விளங்கும்.

யார் சொல்லும் செல்லாத ஊர்

போருக்கு முந்தைய பத்து வருடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1773-இல் ஆற்காடு நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். துளஜா சிறைப்பட்டார். 1776-இல் கம்பெனியே அவரை மறுபடி அரியணையில் ஏற்றியது. பதிலுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் வராகன் (அந்தக் காலத் தங்கக் காசு) கட்ட வேண்டும் என்றது. ஆள வந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வசூல் மட்டும் மாறவில்லை. யார் வந்தாலும் முதலில் கை வைத்தது களத்து நெல்லில்தான்.

இதற்கு நடுவே குடியானவர்கள் கோட்டைக்கு நெல் கொண்டுவந்து போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சேர வேண்டிய பணத்தைத் துபாஷிகள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஷ்வார்ட்ஸ் எழுதுகிறார். துபாஷி என்றால் மொழி பெயர்ப்பவர் மட்டுமல்ல. வெள்ளைக்கார அதிகாரிக்காகக் கொடுக்கல் வாங்கல் பார்ப்பவரும் அவர்தான். பழியை முழுக்கத் துபாஷிகள் தலையில் போட்டுவிட்டு அவர்களை வைத்திருந்த எஜமான்களை விட்டுவிடுவது நியாயமாகாது என்பது என் எண்ணம். எப்படியோ, குடியானவர் நெல் போட்டார், பணம் வரவில்லை. ஒருமுறை அல்ல, பலமுறை.

ஆகவே கோட்டை பசித்தபோது அவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு தூரம் போய்விட்டார்கள். ராஜா ஆணையிட்டார், நடக்கவில்லை. தன் அதிகாரிகளை அனுப்பிக் கெஞ்சியும் பார்த்தார், அதற்கும் யாரும் வரவில்லை. குடியானவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. மாடு போனால் அடுத்த வருட உழவே போச்சு. கூலியும் வராது, மாடும் திரும்பாது என்று தெரிந்த பிறகு எதிரிப் படைக்கு நடுவே யார் வண்டி கட்டுவார்கள்?

எழுதாத தாள்

கடைசியில் ராஜா அங்கிருந்த கம்பெனி துரை ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினார். நீங்களும் நானும், நாம் எல்லோருமே பெயரைக் கெடுத்துக்கொண்டோம். ஜனங்கள் ஷ்வார்ட்ஸையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்றார். பிறகு ஷ்வார்ட்ஸுக்கு ஒரு வெற்றுத்தாளை அனுப்பினார். குடியானவர்களோடு என்ன பேசி முடிக்கிறீரோ அதை நீரே எழுதிக்கொள்ளும் என்பது அதன் பொருள்.

ஓர் அரசர் தன் சொல் செல்லாது என்று ஒப்புக்கொண்டு இன்னொருவர் சொல்லைக் கடன் கேட்பது சாதாரண விஷயம் இல்லை. துளஜாவைப் பற்றி வேறு என்ன சொன்னாலும், இந்த இடத்தில் அவர் நேர்மையாக நடந்துகொண்டார்.

ஷ்வார்ட்ஸ் சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். அதில் அவர் கொடுத்த வாக்கு இரண்டே இரண்டு. ஒன்று, ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே பணம் தருவேன். இரண்டு, எதிரி பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு மாட்டுக்கும் விலை தருவேன்.

இந்த இரண்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோட்டைக்குள் ஜனம் சாகிறது, கிறிஸ்தவக் கடமையாக வந்து உதவுங்கள் என்று அவர் எழுதவில்லை. ராஜ விசுவாசத்தைப் பேசவில்லை. குடியானவர் எதற்குப் பயந்தாரோ அதற்கு நேராகப் பதில் சொன்னார். பணம் நடுவில் நிற்கும் என்ற பயத்துக்கு, "என் கையால்" என்பது பதில். மாடு போய்விடும் என்ற பயத்துக்கு, மாட்டின் விலை பதில். பசித்தவர் மீது இரக்கம் இருந்தது போலவே, மாட்டுக்காரர் மீதும் அவருக்கு இரக்கம் இருந்தது. ஒருவர் பசி தீர இன்னொருவர் அழிந்துபோகட்டும் என்று அவர் நினைக்கவில்லை. நம் நிவாரண வேலைகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளை மறந்துவிடுகிறோம்.

ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. கொஞ்ச காலத்துக்குள் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது.

இந்தக் கணக்கைத் தஞ்சாவூர்க்காரர்கள் உடனே போட்டுப் பார்ப்பார்கள். 12 மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்று வைத்தால் 40,000 மூட்டை. மாட்டுக்கு ஒரு மூட்டை, ஆயிரம் மாடு என்றால் ஒவ்வொரு மாடும் நாற்பது நடை போக வேண்டும். பின்னால் இன்னும் மாடுகள் வந்திருக்கலாம், வண்டியும் கட்டியிருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் இருபது நடை. அதனால் இதை ஒரு ராத்திரி சாகசமாக நினைக்கக் கூடாது. குடியானவர் முதல் நடை போய் வந்து, கண்ணால் நிலைமையைப் பார்த்து, மறுபடி மாட்டை அவிழ்த்து ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு நடையிலும் அந்தப் பாதிரியாரின் சொல்லை அவர் திரும்ப நம்பவேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்ததும் ஷ்வார்ட்ஸ் பணத்தைப் பட்டுவாடா செய்தார். தன்னிடம் இருந்தது போதாமல், பிறர் பணமும் இதில் போனது என்று அவரே எழுதுகிறார். மேற்கொண்டு சின்ன அன்பளிப்பும் கொடுத்து அனுப்பி வைத்தார்.

அந்தச் சொல்லுக்கு மதிப்பு எப்படி வந்தது

ஒரு கடிதத்தில் வந்துவிடக்கூடிய நம்பிக்கை இல்லை அது. இரண்டு வருடம் முன்னால், 1779-இல், சென்னை கவர்னர் ரம்போல்டு அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதரிடம் தூது அனுப்பினார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் தரப்பில் 300 ரூபாய் கொடுத்தார்கள். ஷ்வார்ட்ஸ் அதை அப்படியே கொண்டுபோய்ச் சென்னை அரசிடம் கொடுத்தார். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதல் நிதியாக வைத்தார். போர் தொடங்கிய பிறகும் ஹைதர் தன் படைத் தலைவர்களிடம், இந்தப் பாதிரியாரை எங்கும் தடுக்காமல் போகவிடுங்கள் என்று சொல்லி வைத்திருந்தார். எதிரியும் நம்பிய மனிதர் என்றால் அதற்குப் பின்னால் நீண்ட காலக் கணக்கு இருக்கிறது. அரிசி மலிவாக இருந்தபோதே வாங்கி வைத்து, பஞ்சத்தில் உபதேசிமார்களுக்கும் (பாதிரியாருக்குத் துணையாகச் சபை ஊழியம் பார்ப்பவர்கள்) அனாதைப் பிள்ளைகளுக்கும் தெருவில் விழுந்தவர்களுக்கும் கஞ்சி ஊற்றியவரும் அவர்தான். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கஞ்சியைத்தான் அதிகம் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு 300 ரூபாய் கதைதான் முக்கியமாகப் படுகிறது. அது இல்லாமல் மாடு வந்திருக்காது.

உபதேசியார் வாங்காத துணி

1782 பிப்ரவரியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் கம்பெனிப் படை முழுவதும் ஹைதரின் மகன் திப்புவிடம் சிறைப்பட்டது. கோட்டைக்கு மறுபடி அதே கதி. அறுவடை நெருங்கும் சமயம் பார்த்துத்தான் எதிரி எப்போதும் உள்ளே வருவான் என்கிறார் ஷ்வார்ட்ஸ். தை, மாசியில் சம்பா களத்துக்கு வரும் நேரம். படையை எந்த மாதம் நடத்த வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இந்தத் தடவை எதிரி மிகப் பக்கத்தில் இருந்தான். பழைய வழியே மறுபடி கைகொடுத்தது. போன தடவை சொன்னபடி பணம் வந்ததால் குடியானவர்கள் மாட்டோடு வந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டி, நெல் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகச் சபையைச் சேர்ந்தவர்கள் புறப்பட்டார்கள். முதல் தடவையும் ஓர் உபதேசியாரும் வேறு கிறிஸ்தவர்களும்தான் உயிரைப் பணயம் வைத்து வெளியே போனார்கள். இரண்டாம் தடவை அவர்கள் அழுதுகொண்டே போனார்கள் என்று கடிதம் சொல்கிறது.

அழுதுகொண்டே போனார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. பயம் இல்லாமல் போகவில்லை, பயத்தோடுதான் போனார்கள். ஹைதர் கொடுத்த பாதுகாப்பு ஷ்வார்ட்ஸுக்கு இருந்தது. வெளியே போன இவர்களுக்கும் அது இருந்ததாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் பெயரும் அதில் இல்லை. கோட்டையைக் காப்பாற்றியவர் என்று ஷ்வார்ட்ஸ் ஐயரைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். நெல்லைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஊர் பேர் தெரியாத இந்தத் தமிழ்க் கிறிஸ்தவர்களும், கிறிஸ்தவர்கள் அல்லாத மாட்டுக்காரர்களும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெல் வந்து சேர்ந்து, பட்டுவாடாவும் முடிந்தது. அத்தோடு ஷ்வார்ட்ஸ் விடவில்லை. குடியானவர்களிடம் கறாராக விசாரித்தார்: எங்கள் ஆட்கள் யாராவது உங்களிடம் ஏதாவது வாங்கினார்களா? இல்லவே இல்லை என்றார்கள். கூலி சரியாக வந்த சந்தோஷத்தில் நாங்களாகவே உபதேசியாருக்கு ஒரு சாதாரணத் துணி கொடுத்தோம், அவர் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார் என்றார்கள்.

பஞ்சத்தில் இருக்கும் ஊர். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்த ஆள். எதிரில் நன்றியோடு நீட்டிய ஒரு துணி. வாங்கியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் துணியை வாங்கினால் அடுத்த தடவை அது வழக்கமாகிவிடும், அதற்கடுத்த தடவை உரிமையாகிவிடும். துபாஷிகள் ஆரம்பித்ததும் இப்படி எங்கோ ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த உபதேசியாருக்கு இது தெரிந்திருந்தது.

சபைகளில் இரக்கத்தைப் பற்றிப் பேச பைபிளில் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத்தான் எடுப்போம்: வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனிடம் சமாதானத்தோடே போ என்று சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்று கேட்கும் இடம். அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்துக்கு நாம் அவ்வளவாகப் போவதில்லை. வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவியில் பட்டது என்று அங்கே இருக்கிறது. தஞ்சாவூரில் முதலில் ஐந்தாம் அதிகாரத்துக் கூக்குரலைக் கேட்ட பிறகுதான் இரண்டாம் அதிகாரத்துப் பசியைத் தீர்க்க முடிந்தது.

செப்டம்பர் வரை தரிசாகக் கிடந்த வயல்

இதே மாதிரி இன்னொன்று சில வருடம் கழித்து, ஆர்ச்சிபால்ட் காம்பெல் சென்னை கவர்னராக இருந்தபோது நடந்தது. அப்போது போர் இல்லை, கொடுமை மட்டும் இருந்தது. வசூல் தாங்க முடியாமல் குடிகள் ஊரை விட்டே போய்விட்டார்கள். ஜூனில் தொடங்க வேண்டிய சாகுபடி செப்டம்பர் ஆரம்பம் வரை தொடங்கவில்லை. டெல்டாவில் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை: குறுவை போய்விட்டது, சம்பாவும் கையை விட்டுப் போகிற நேரம். கொடுமையை நிறுத்துங்கள், குடிகளைத் திரும்ப அழையுங்கள் என்று ஷ்வார்ட்ஸ் ராஜாவிடம் மன்றாடினார். நியாயம் செய்வேன் என்று ராஜா சொல்லியனுப்பினார்; யாரும் நம்பவில்லை. நீரே எழுதும் என்றார் ராஜா. அவர் எழுதினார். முதலில் நம்பியவர்கள் கள்ளர் சமூகத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். நாள் போய்விட்டது, விரைந்து வேலை பாருங்கள் என்று அவர் சொன்னபோது, ராத்திரி பகலாக உழைக்கிறோம், எங்களுக்கு இரங்கியதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியிருக்காது என்றார்களாம். அந்த வருடம் விளைச்சல் முந்தைய வருடத்தைவிட நன்றாக இருந்தது.

இந்தச் சாட்சியத்தின் எல்லை

மேலே சொன்னதில் பெரும்பகுதி ஷ்வார்ட்ஸ் 1794-இல் எழுதிய ஒரே கடிதத்திலிருந்து வருகிறது. அது தற்காப்புக்காக எழுதப்பட்ட கடிதம். மிஷனரிகளால் பிரயோஜனம் இல்லை, அவர்களிடம் சேர்ந்தவர்கள் மோசமானவர்கள் என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசியதற்கு அவர் கொடுத்த பதில். தன் ஆட்களின் நேர்மையைக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது என்பதை மனசில் வைத்துத்தான் துணிக் கதையையும் படிக்க வேண்டும். என்றாலும் அவர் செத்த பிறகு, கிறிஸ்தவராகாத சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு அவருக்குச் சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்து வைத்ததும், கல்லறைக்குத் தானே ஆங்கிலத்தில் கவிதை எழுதி அவரை அனாதைகளின் தந்தை என்று சொன்னதும் வேறு கையிலிருந்து வந்த சாட்சி. தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்தருகே உள்ள கிறிஸ்தவக் கோயிலில் அந்தச் சலவைக்கல்லை இன்றும் பார்க்கலாம்.

வேறு கேள்விகளும் உண்டு. அவர் காப்பாற்றிய கோட்டை கம்பெனியின் கோட்டையும்தான். பிழைத்த ஆட்சி பிற்பாடு அதே குடிகளைத் தொடர்ந்து வாட்டியது. நான் மேலே சொன்ன ஊர் விட்டுப் போன சம்பவமே அதற்கு ஆதாரம். நிலமே இல்லாத பண்ணையாட்கள் இந்தக் கதையில் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை. மாடு இருந்தவருக்குத்தான் கூலி வந்தது. கோயிலுக்குள் சாதி பார்த்து உட்கார்ந்த வழக்கமும் அன்றைய தஞ்சாவூர்ச் சபையில் இருந்தது. இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் அந்த உபதேசியாரின் நேர்மைக்கே நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் சரிந்தன. கரண்ட் வரவே பல வாரம் ஆன ஊர்கள் உண்டு. எங்கள் வட்டாரச் சபைகள் செய்த நிவாரண வேலையில் நானும் இருந்தேன். சாமான் நிறைய வந்தது. மெயின் ரோட்டுக்குப் பக்கத்து ஊர்களில் லாரிகள் நின்றன. உள்ளே இருந்த தெருக்களுக்கு வந்து சேரவில்லை. வீடு கட்டித் தருகிறோம் என்று வெளியூர் அமைப்பு ஒன்று ஒரு குடிசைப் பகுதியில் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. பிறகு நாங்கள் போய்ப் பெயர் எழுதக் கேட்டபோது ஜனங்கள் பேசக்கூட மறுத்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு தூரம் போன குடியானவர்கள் என் நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

அதே பக்கத்தில் ஒரு சின்னச் சபையின் உபதேசியார் வேறு மாதிரி செய்தார். காணிக்கையில் இருந்த கொஞ்சப் பணத்துக்கு அரிசி வாங்கவில்லை. விழுந்த தென்னைகளை அறுத்துப் பாதையிலிருந்து அப்புறப்படுத்த, தோப்பு வேலை போய் உட்கார்ந்திருந்த கூலி ஆட்களையே கூப்பிட்டார். எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று பார்க்கவில்லை. நாற்பது பக்க நோட்டில் பெயரும் தொகையும் எழுதி, சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் கொடுத்து, தெருவில் நின்று சத்தமாகப் படித்தும் காட்டினார். ஒரு அம்மா, "ஐயா, என் பேருக்கு அம்பது ரூபா கூட எழுதியிருக்கு, பாருங்க" என்றார். திருத்தினார். மறுநாள் கூப்பிடாமலேயே ஆள் வந்தது. வெளியிலிருந்து வந்த தார்ப்பாய்களைப் பிற்பாடு அந்த ஊரில் சண்டை இல்லாமல் கொடுக்க முடிந்ததும் அந்த நோட்டால்தான்.

எங்கள் நிவாரணக் குழுவில் நான் வைத்திருக்கும் கோரிக்கை இரண்டு. முதலாவது, புயல் வந்த பிறகு பணம் தேடுவதற்கு முன்னால், சபைச் சொத்துகளிலும் சபையார் நிலங்களிலும் வேலை பார்க்கிறவர்களுக்குப் பாக்கி இருக்கும் கூலியைக் கார்த்திகை பிறப்பதற்குள் தீர்த்துவிட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு நிவாரண வேலை முடிந்ததும் ஷ்வார்ட்ஸ் கேட்ட கேள்வியை வாங்கியவர்களிடம் கேட்க வேண்டும்: எங்கள் ஆட்கள் உங்களிடம் ஏதாவது வாங்கினார்களா? கொடுத்த ஆட்கள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. கேட்கிறவர் வேறு ஊர்ச் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், பதிலை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆயரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.